சொல்லிச் சொல்லிக் களைத்த பெற்றோருக்கு: ஏ.டி.எச்.டி பிள்ளைகளும் கட்டுப்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகனுக்கு 7 வயதில் ஏ.டி.எச்.டி என்று சொன்னார்கள். இப்போது அவனுக்கு 13. இந்த ஆறு வருடத்தில் வெள்ளவத்தை டியூஷன் வாசல்களிலும் கிளினிக் வாங்கிலும் கோவில் வீதியிலும் எத்தனையோ பெற்றோர் என்னைப் பிடித்துக் கதைத்திருக்கிறார்கள். "உங்கட மகனுக்கும் அதுதானே?" என்று மெல்லத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு வருவது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வதும் ஒன்றுதான்: திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள், பேசாமல் செய்து காட்டுங்கள். போனில் குரல் பதிவு அனுப்பி அனுப்பி அலுத்துப்போய் எழுதி வைத்தேன்.

கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. டொக்டர்மாரிடம் கேட்டதும், வாசித்ததும், வீட்டில் செய்து பார்த்துப் பிழைவிட்டுத் திருத்தியதும்தான் இங்கே இருக்கிறது.

"ஏ.டி.எச்.டி எண்டால் என்ன? குழப்படிக்கு இப்ப வச்ச புதுப் பேரா?"

பெயர் புதிது, விஷயம் பழசு. 1902-இலேயே லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற சிறுவர் மருத்துவர், புத்தியில் குறைவில்லாமல் தன்னைத் தானே கட்டுப்படுத்த மட்டும் முடியாத பிள்ளைகளைப் பற்றி விரிவுரை செய்திருக்கிறார். தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று எழுதுகிறார்கள். ஓடித் திரிகிற பொடியன்களுக்கு மட்டும் வருவது இல்லை இது. ஜன்னலைப் பார்த்தபடி, வாரம் ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தொலைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும் பெண்பிள்ளைக்கும் இருக்கலாம். அந்தப் பிள்ளைகளைத்தான் நாங்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறோம்.

அதற்காகக் குழப்படி எல்லாம் ஏ.டி.எச்.டி ஆகிவிடாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளிக்கூடம் என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். இரத்தம் சோதித்தோ ஸ்கேன் எடுத்தோ கண்டுபிடிக்க முடியாது. பிள்ளையைப் பார்த்து, பெற்றோரிடம் கேட்டு, டீச்சரிடமும் விசாரித்துத்தான் முடிவுக்கு வருவார்கள். குடும்ப டொக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநல மருத்துவரைக் காட்டலாம். பக்கத்து வீட்டு அன்ரி சொன்னதை வைத்து முடிவு கட்ட வேண்டாம், நான் எழுதியதை வைத்தும் வேண்டாம்.

"எத்தனை தரம் சொன்னாலும் கேக்கிறான் இல்லை. வேணுமெண்டே செய்யிறானா?"

பெரும்பாலும் இல்லை. "தங்கச்சிக்கு அடிக்கலாமா?" என்று கேளுங்கள், "கூடாது" என்று அழகாகச் சொல்வான். அடுத்த நிமிடம் கை போய்விடும். அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி வருடக்கணக்காக அழுத்திச் சொல்லி வரும் விஷயம் இதுதான்: இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவது அறிவு இல்லை. தெரிந்ததை, செய்ய வேண்டிய அந்த நொடியில் செய்யும் திறன்தான் குறைகிறது. அறிவு குறைவாக இருந்தால் புத்திமதி உதவும். பிரேக் பிடிக்காத சைக்கிளுக்குப் புத்திமதி சொல்லி என்ன பயன்?

2007-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மூளையின் மேற்பட்டையில் பாதி இடங்கள் முழுத் தடிப்பை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளில் ஏழரை, ஏ.டி.எச்.டி பிள்ளைகளில் பத்தரை. வளர்ச்சி நடக்கிறது, சுமார் மூன்று வருடம் பிந்தி நடக்கிறது. அதிகம் பிந்துவது தன்னை அடக்குவதற்கும் திட்டமிடுவதற்கும் பொறுப்பான முன்பகுதி. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. 10 வயது மகனிடம் 10 வயதுப் பொறுமையை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு ஏழு வயதுக்காரனுக்குச் செய்வதைப் போல் செய்யத் தொடங்கினேன். வீட்டில் பாதிச் சண்டை அதோடு குறைந்தது.

"பேசாமல் செய்து காட்டுங்கோ எண்டு நீங்கள் சொல்லுறது விளங்கேல்லை. பிள்ளையோட கதைக்கவே கூடாதா?"

நிறையக் கதையுங்கள். கதைக்கக் கூடாதது, சொன்ன வேலையைச் செய்ய வைக்கும் அந்த இரண்டு நிமிடம் மட்டும்தான்.

என் பழைய முறையைச் சொல்கிறேன். குசினியில் தேங்காய் திருவியபடி, "டிவியை நிப்பாட்டு" என்பேன். பதில் வராது. இன்னொரு தரம். மூன்றாம் தரம் "எத்தனை தரம் சொல்லுறது?" நான்காம் தரம் அப்பாவின் பெயர் வரும். ஐந்தாம் தரம் கத்திக்கொண்டு ஓடிப்போய் ரிமோட்டைப் பறிப்பேன். இதில் பிள்ளை என்ன படிக்கிறான்? முதல் நான்கும் சும்மா, அம்மாவின் குரல் உடையும்போது எழும்பினால் போதும் என்று படிக்கிறான். படிப்பித்தது நான்தான்.

இப்போதைய முறை இது. திருவலையை வைத்துவிட்டு எழும்பிப் போவேன். தோளில் கை வைத்து, அவன் என்னைப் பார்க்கும் வரை நின்று, "டிவியை நிப்பாட்டு" என்று ஒரே ஒரு தரம் சொல்வேன். "நிப்பாட்டுறியா ராஜா?" என்று கேட்பதில்லை, கேட்டால் "இல்லை" என்பதும் ஒரு பதில்தானே. மனதுக்குள் பத்து எண்ணுவேன். செய்தால், "சொன்ன உடனே நிப்பாட்டிட்டாய், நல்லம்" என்று அங்கேயே சொல்வேன். செய்யாவிட்டால் ஒரு எச்சரிக்கை: "நான் நிப்பாட்டினால் இண்டைக்கு டிவி முடிஞ்சுது." இன்னொரு பத்து. அப்புறம் கை மட்டும்தான் வேலை செய்யும். அவன் வழக்கறிஞர் மாதிரி வாதாடுவான், இந்தப் பிள்ளைகளுக்கு அதில் தனித் திறமை. நான் பதில் சொல்வதில்லை. வாயைத் திறந்தால் வழக்கு விசாரணைக்கு வந்துவிடும்.

"ஒரு கிழமைக்கு போன் இல்லை எண்டு பறிச்சு வச்சன். ஒரு மாற்றமும் இல்லையே?"

ஒரு கிழமை என்பது அவனுக்கு ஒரு யுகம். ஏ.டி.எச்.டி பிள்ளைக்கு நேரம் என்றால் 'இப்ப', 'இப்ப இல்லை' என்று இரண்டே வகை. செவ்வாய்க்கிழமை செய்த பிழைக்குச் சனிக்கிழமை தண்டனை என்றால் இரண்டையும் இணைக்கும் நூல் அறுந்துபோயிருக்கும். அவனுக்குத் தெரிவது, அம்மா என்னோடு கோபம் என்பது மட்டுமே. இழப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை என்றால் திருந்துவதற்கும் காரணம் இல்லை.

சின்னதாக, உடனே, ஒவ்வொரு தரமும். போனைக் கேட்காமல் எடுத்தானா, இன்றைக்கு 15 நிமிடம் குறையும். பந்தை வீட்டுக்குள் உதைத்தானா, பந்து அரை மணித்தியாலம் அலுமாரி மேலே போகும். நேரம் முடிந்ததும் கையில் கொடுத்துவிட வேண்டும், பழையதைக் கிளறாமல். பெரிய தண்டனை கொடுத்தால் நாங்களே இரண்டாம் நாள் மனமிளகி விட்டுவிடுவோம். அதையும் அவன் குறித்து வைத்துக்கொள்வான்.

கையில் ஒரே ஒரு விளைவை மட்டும் வைத்திருக்கவும் வேண்டாம். 2022-இல் மின்வெட்டு நீண்ட நாட்களில் டிவியை மட்டும் நம்பியிருந்த எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது.

"அப்ப பரிசு குடுக்கிறது? அது லஞ்சம் மாதிரித்தானே?"

கடையில் நிலத்தில் விழுந்து அழுகிறவனுக்கு "அழாதே, சொக்லேட் வாங்கித் தாறன்" என்றால் அது லஞ்சம். பிழை நடக்கும்போது அதை நிறுத்தக் கொடுப்பது. முன்கூட்டியே பேசி, செய்து முடித்த பிறகு கொடுப்பது கூலி. நாங்களும் மாதக் கடைசியில் அதைத்தான் எதிர்பார்க்கிறோம்.

உண்மையில் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு கிழமை தண்டனை ஒன்றும் இல்லாமல் பரிசு மட்டும் ஓடட்டும். எங்கள் வீட்டில் ஒரு ஜாம் போத்தலும் புளியங்கொட்டையும். சொன்ன உடனே செய்தால் ஒரு கொட்டை, சப்பாத்தை இடத்தில் வைத்தால் ஒரு கொட்டை. போத்தலில் விழும் சத்தம் முக்கியம், அதுதான் அந்த 'இப்ப'. 10 கொட்டைக்குப் பின்னேரம் மரைன் டிரைவில் ரயில் பார்க்கப் போவது, 20-க்கு ஞாயிறு இரவுச் சாப்பாட்டை அவன் தெரிவு செய்வது. அநேகமாகக் கொத்துரொட்டிதான். காசு செலவாகும் பரிசு தேவையில்லை. ஆனால் இரண்டு மூன்று கிழமையில் அலுத்துவிடும். அப்போது "இது வேலை செய்யேல்லை" என்று கைவிடாமல் பரிசை மாற்றுங்கள். இந்த மூளைக்குப் புதுசு வேண்டும்.

"அடிச்சா மட்டும்தான் கேக்கிறான். நாங்களும் அடி வாங்கித்தானே வளந்தோம்?"

நானும் அடித்திருக்கிறேன். அடிமட்டத்தால். அடித்தால் அந்த நிமிடம் நிற்கிறது, உண்மை. அதனால்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறோம். அடுத்த நாள் அதே பிழை, அதற்கடுத்த நாள் கொஞ்சம் பலத்த அடி. பிரேக் இல்லாத பிள்ளைக்கு அடி பிரேக் பூட்டாது, பயத்தைத்தான் பூட்டும். பயம் கூடினால் பொய் கூடும். கோபம் வந்தால் கை நீட்டலாம் என்பதையும் அவன் எங்களிடமிருந்தே எடுத்துக்கொள்கிறான், தம்பி தங்கச்சியில் பரீட்சித்துப் பார்க்கிறான். பிறகு அதற்கும் அடிக்கிறோம்.

பாடசாலையில் அடிப்பதைக் கல்வி அமைச்சு 2005-இலேயே சுற்றறிக்கை போட்டுத் தடுத்திருக்கிறது. "டீச்சர், நல்லா அடிச்சுப் படிப்பியுங்கோ" என்று தாய்மாரே சொல்வதை இன்னும் கேட்கிறேன். தயவுசெய்து சொல்லாதீர்கள். பிள்ளைக்குக் காயம் வருமளவு எங்காவது நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவி எண் 1929 இருக்கிறது.

"காலைல ஸ்கூலுக்கு கிளப்புறதே ஒரு யுத்தம். வேன் வந்து ஹார்ன் அடிக்குது, இவன் ஒரு மேஸோட உக்காந்திருக்கான்!"

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா கேட்டது. அந்த ஒற்றை மேஸ் எங்கள் வீட்டிலும் பிரபலம். ஏழரைக்குப் பள்ளி, ஆறே காலுக்கு வேன், நகரம் முழுவதும் அதே நேரத்தில் அதே போர். காலையில் முடிவெடுக்க வேண்டியவற்றைக் குறைப்பதுதான் வழி. பை, சீருடை, மேஸ், கழுத்துப்பட்டி எல்லாம் இரவே கதவடியில் ஒரு கூடைக்குள். "வெளிக்கிடு" என்ற ஒரு சொல்லுக்குள் எட்டு வேலை ஒளிந்திருக்கிறது. மற்றப் பிள்ளைக்கு அது விரியும், இவனுக்கு விரியாது. அதனால் பல் தீட்டுவது, முகம் கழுவுவது, உடுப்பு, சாப்பாடு, மேஸ், சப்பாத்து என்று படமாகக் கீறி கண்ணாடியில் ஒட்டினோம். "அடுத்தது என்ன?" என்று படத்தைக் காட்டினால் போதும், கத்தத் தேவையில்லை. முள்ளு மணிக்கூட்டில் ஆறு மணிக்குச் சிவப்புப் புள்ளி வைத்தோம். டிஜிட்டல் மணிக்கூட்டில் நேரம் நகர்வது அவனுக்குத் தெரிவதில்லை.

டிவியும் போனும் சப்பாத்து போட்ட பிறகுதான். முடித்துவிட்டு மிஞ்சிய நேரம் அவனுடையது. வேன் வந்தும் முடியவில்லையா? சப்பாத்தைப் பையில் போட்டுக் கையில் கொடுத்து, பாணைக் கடதாசியில் சுற்றி, ஏற்றிவிட்டேன். ஏசவில்லை. வேனுக்குள் எல்லோருக்கும் முன்னால் சப்பாத்து மாட்டியது அவனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டே தரம்தான் அது நடந்தது. வேன் அங்கிளிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன் என்பது வேறு கதை.

"வீட்டுப்பாடம் செய்ய மூண்டு மணித்தியாலம் எடுக்குது. ஸ்கொலர்ஷிப் வேற வருது. என்ன செய்யிறது?"

மூன்று மணித்தியாலம் அவன் படிக்கவில்லை, நீங்கள் இருவரும் மல்லுக்கட்டினீர்கள். 10 அல்லது 15 நிமிடம் வேலை, 5 நிமிடம் எழும்பி ஓட்டம், திரும்பவும் 15. ஐந்து கணக்குக்கு ஒரு புளியங்கொட்டை. மேசையில் அந்த ஒரு கொப்பி மட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து உங்கள் வேலையைப் பாருங்கள், சொல்லிக் கொடுக்க அவசியம் இல்லை. இன்னொருவர் பக்கத்தில் இருப்பதே அவனை வேலையில் பிடித்து வைக்கும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை பற்றி என் கருத்து எல்லோருக்கும் பிடிக்காது. பள்ளி முடிந்து இரண்டு டியூஷன், வந்து மாதிரி வினாத்தாள் என்றால் எந்தப் பிள்ளையும் எரிந்துவிழும், இவன் முதலில் விழுவான். நாங்கள் ஒரு டியூஷனை நிறுத்தி கிரிக்கெட்டுக்கு விட்டோம். உறவுக்காரர் இன்னும் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

"நான் ஒண்டு சொல்ல அவர் இன்னொண்டு சொல்லுவார், அம்மம்மா ரெண்டையும் மாத்துவா. எப்பிடி ஒரே மாதிரி இருக்கிறது?"

அதிகம் கேட்கப்படுவதும் கஷ்டமானதும் இதுதான். ஒவ்வொரு தரமும் ஒரே விளைவு என்றால்தான் பிள்ளை கணக்குப் போடுவதை நிறுத்துவான். பத்துத் தரத்தில் ஒரு தரம் அம்மம்மா ஒளித்து ரிமோட்டைக் கொடுத்தாலும் அவனுக்கு அது லொத்தர். லொத்தரில் ஒரு தரம் விழுந்தவர் நூறு தரம் வாங்குவார்.

வீட்டுப் பெரியவர்களை மாற்றுவது பிள்ளையை மாற்றுவதை விடக் கடினம். அதனால் 20 விதி போடாதீர்கள். மூன்று போதும். எங்கள் மூன்று: கை நீட்டக் கூடாது, சொன்ன நேரத்துக்குத் திரையை நிறுத்த வேண்டும், இருட்ட முன் வீட்டுப்பாடம் தொடங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன நடக்கும் என்று எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மற்றதெல்லாம், கட்டிலில் குதிப்பது உட்பட, கண்டும் காணாமல். அம்மம்மாவிடம் "நீங்கள் செல்லம் குடுத்துக் கெடுக்கிறியள்" என்று தொடங்கினால் வேலை முடிந்தது. நான் அவவுக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தேன்: புளியங்கொட்டை போடும் உரிமை அவவுக்கு. செல்லம் கொடுக்க ஒரு நேர்வழி கிடைத்ததும் குறுக்குவழி தேவைப்படவில்லை. முழுதாக இல்லை, மாரி பிஸ்கட் இன்னமும் ஒளிந்து போகிறது.

கணவர் கட்டாரில் இருக்கிறார், வீடியோ கோலில் மட்டும் அப்பா என்ற வீடுகள் கொழும்பில் ஏராளம். அன்றைய குற்றப்பட்டியலை அவரிடம் வாசித்து அங்கிருந்து ஏச வைக்காதீர்கள். முந்திச் சொன்னது போல அந்த நேரத்துக்குள் நூல் அறுந்திருக்கும். கோலில் போத்தலைக் காட்டட்டும்.

"நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன். முன்னவிட மோசமா கத்துறான். பக்கத்து பிளட்காரங்க கதவத் தட்டுறாங்க."

மோசமாகும் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். இதுவரை கத்தினால் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை என்றால், இன்னும் பலமாகக் கத்திப் பார்ப்பான். லிஃப்ட் வராவிட்டால் பட்டனை நாங்களும் நாலு தரம் குத்துகிறோமே. ஒரு கிழமை, சிலவேளை இரண்டு கிழமை இப்படி இருக்கும். அதன் உச்சத்தில் விட்டுக்கொடுத்தால், இந்த அளவு கத்தினால் கிடைக்கும் என்ற புதிய விலையை நிர்ணயித்துவிடுவீர்கள். பக்கத்து வீட்டாரிடம் முதலே போய் "ரெண்டு கிழமை சத்தம் வரும், யாரும் அடிக்கேல்லை" என்று சொல்லி வையுங்கள். நான் ஒரு தட்டு வடையோடு போனேன்.

அடிதடிக்குப் போனால் தனியே இருத்துவது உதவும். சின்ன பிளட்டில் தனி அறைக்கு எங்கே போவது? டிவி தெரியாத ஒரு மூலையில் ஒரு கதிரை போதும். வயதுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு, ஆறு வயதுக்கு ஆறு நிமிடம். பூட்டி வைக்கக் கூடாது, பாத்ரூமில் விடவே கூடாது. பலர் மறப்பது அடுத்த படி: நேரம் முடிந்ததும் முதலில் சொன்ன வேலை அப்படியே காத்திருக்க வேண்டும். பொம்மையைப் பெட்டியில் போடச் சொன்னீர்களா, கதிரையிலிருந்து எழும்பிப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு நிமிடம் இருந்து வேலையிலிருந்து தப்பலாம் என்று ஆகிவிடும்.

"கோயிலுக்கோ கலியாணத்துக்கோ கூட்டிப் போகவே பயமாக் கிடக்கு."

வாசலில் நின்று, உள்ளே போக முன், சொல்லுங்கள். மயூரபதி அம்மன் கோவில் வாசலில் நாங்கள் நிற்பது வழக்கம்: என் கையை விடக் கூடாது, ஓடக் கூடாது, பிரசாதம் வரிசையில்தான். மூன்றையும் அவனைக் கொண்டு சொல்ல வைப்பேன். செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்பதையும் அங்கேயே. பிறகு கையில் ஒரு வேலை: கற்பூரத் தட்டு, சில்லறை, செருப்பு டோக்கன். சும்மா நிற்கும் ஏ.டி.எச்.டி பிள்ளை என்று ஒன்று கிடையாது.

சுப்பர்மார்க்கெட்டில் ஒரு தரம் பாதி நிரம்பிய கூடையை அப்படியே வைத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றிரவு வீட்டில் பால்மா இல்லை. ஆனால் வெளியே போவேன் என்று சொன்னால் போவேன் என்பது அதோடு நிலைத்தது. நேரம் இருக்கும் நாளில், வாங்க ஒன்றும் இல்லாமல், பயிற்சிக்காகவே பத்து நிமிடம் கூட்டிப் போய்ப் பாருங்கள்.

"டீச்சர் ஒவ்வொரு நாளும் கொப்பியில முறைப்பாடு எழுதி விடுறா. வீட்டிலயும் தண்டிக்க வேணுமா?"

வேண்டாம். பள்ளியில் நடந்தது பள்ளியில் முடிந்தது. ஒரே குற்றத்துக்கு இரண்டு நீதிமன்றம் கூடாது, அதுவும் ஐந்து மணித்தியாலம் கழித்து.

பதிலாக டீச்சரிடம் முறைப்பாட்டுக் கொப்பியைத் திருப்பிப் போடக் கேளுங்கள். இரண்டு மூன்று இலக்கு: இடத்தில் இருந்தான், வேலையைத் தொடங்கினான், கை நீட்டவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சரி அடையாளம், ஐந்து நொடி வேலை. வீட்டில் அதைக் கொட்டையாக மாற்றுவது உங்கள் பாடு. 40 பிள்ளைகளை வைத்திருக்கும் டீச்சரிடம் இதற்கு மேல் கேட்பது நியாயம் இல்லை. இரண்டு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேட்கலாம்: முன்வரிசையில் இருத்துவது, இன்டர்வலை வெட்டாமல் விடுவது. ஓடி வந்தால்தான் அடுத்த பாடத்தில் இருப்பான்.

"மருந்து குடுத்தா இந்த வில்லங்கம் ஒண்டும் வேணாம்தானே? இல்லாட்டி, இதெல்லாம் செய்தா மருந்து வேணாமா?"

இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி, பிறகுதான் மருந்து பற்றி யோசிப்பது. ஆறுக்கு மேல் இரண்டும் சேர்ந்து. மெதைல்ஃபெனிடேட் போன்ற மருந்து பிரேக் பிடிக்க உதவும். எங்கே நிறுத்துவது என்று அது சொல்லிக் கொடுக்காது, அது எங்கள் வேலை. பசி குறையலாம், நித்திரை பிந்தலாம். அதனால்தான் கிளினிக்கில் நிறையும் உயரமும் பார்க்கிறார்கள். லீவு நாளில் நிறுத்துவதா, அளவைக் கூட்டுவதா என்பதெல்லாம் டொக்டரிடம். வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம்.

"சீனி குடுக்கிறதாலதான் எண்டு மாமி சொல்லுறா."

பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம், அப்படி இல்லை. பல்லுக்காகக் குறையுங்கள்.

"அக்காவுக்கு ஒரு சட்டம், தம்பிக்கு ஒரு சட்டமா? மகள் கேக்கிறாள்."

அப்பப்பாவுக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி, எங்களுக்குச் சீனி போட்டது. அது அநியாயம் என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. மகளிடம் அதைச் சொன்னேன், பாதி ஏற்றுக்கொண்டாள். மிச்சப் பாதிக்கு அவளுக்கும் ஒரு போத்தல் வைத்தேன், அவள் வயதுக்கேற்ற இலக்குகளோடு. கிழமையில் ஒரு மணித்தியாலம் அவளோடு மட்டும் இருக்கிறேன். அந்த நேரத்தில் தம்பி பற்றிய பேச்சே கிடையாது. கை நீட்டும் விதி மட்டும் இருவருக்கும் ஒன்று.

"எனக்கே ஏ.டி.எச்.டி இருக்கும்போல. நானே ஒழுங்கில்லை, இதில எப்படி ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி?"

பிள்ளையின் படிவத்தை நிரப்பும்போது "இது நான்தானே" என்று நின்றுவிடுகிற அப்பாக்களையும் அம்மாக்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதிசயம் இல்லை. உயரத்தைப் போல இதுவும் பெரும்பாலும் பரம்பரை வழியாக வருவது. அப்படியானால் பிள்ளைக்குச் செய்வதை உங்களுக்கும் செய்யுங்கள். மூன்று விதி இல்லை, ஒன்றே ஒன்று. நினைவை நம்பாமல் பிரிட்ஜ் கதவை நம்புங்கள். போனில் அலாரம். கொட்டை போட மறக்கிறீர்களா, போத்தலை அடுப்புப் பக்கம் வையுங்கள். உங்களையும் ஒருமுறை மனநல மருத்துவரிடம் காட்டுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"நேற்று பொறுக்கேலாமல் கத்திப்போட்டன். செய்ததெல்லாம் வீணா?"

இல்லை. நானும் போன கிழமை கத்தினேன். கோபம் இறங்கியதும் போய், "நான் கத்தினது பிழை" என்று ஒரு வரி. "ஆனா நீ…" என்று தொடராமல் அங்கேயே நிறுத்துவதுதான் கஷ்டம். அவன் செய்த பிழைக்கான சின்ன விளைவு அப்படியே இருக்கட்டும், மனம் நொந்து அதைத் தள்ளுபடி செய்ய வேண்டாம்.

"மகனுக்கு 14. புளியங்கொட்டையைக் காட்டினால் சிரிக்கிறான். இனி என்ன?"

சிரிக்கத்தான் செய்வான். பெரிய பிள்ளையோடு உட்கார்ந்து எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், அவன் கேட்பதும் அதில் இருக்க வேண்டும். எங்களுடையது ஒரு பக்கம்: இரவு 9.30-க்கு எல்லோருடைய போனும், என்னுடையதும் சேர்த்து, சாப்பாட்டு மேசைப் பெட்டிக்குள். வைத்தால் சனிக்கிழமை நண்பர்களோடு காலிமுகத்திடலுக்குப் போகலாம். வைக்காவிட்டால் அடுத்த நாள் போன் ஒரு மணித்தியாலம் பிந்திக் கிடைக்கும். விளைவு முந்தியதைப் போலவே சின்னதும் உடனடியானதும்தான், அதை அவனும் சேர்ந்து தீர்மானித்தான் என்பதே மாற்றம். தோளில் கை வைப்பதும் மாறாது, கொஞ்சம் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

"எவ்வளவு நாளில வித்தியாசம் தெரியும்? எப்ப டொக்டரிட்ட திரும்பப் போகவேணும்?"

ஒரு விதியை ஒழுங்காகப் பிடித்தால் ஒரு மாதத்தில் அந்த ஒன்றில் தெரியும். மற்றவை தானாகத் திருந்தாது, ஒவ்வொன்றாகத்தான். பாடசாலை லீவு முடிந்ததும் எல்லாம் பழைய இடத்துக்குப் போகும், கூடையையும் படத்தையும் திரும்ப எடுக்க வேண்டும்.

இரண்டு மூன்று மாதம் செய்தும் ஒன்றும் நகராவிட்டால், பிள்ளை நித்திரையில்லாமல் அல்லது எதிலும் ஆசையில்லாமல் இருந்தால், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் போங்கள். தன்னைக் காயப்படுத்துவதாகச் சொன்னாலோ செய்தாலோ அன்றே. இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926. பிள்ளைக்கு மட்டும் இல்லை, இரவு பத்து மணிக்குக் குசினியில் அழுதுகொண்டு நிற்கும் அம்மாவும் அந்த எண்ணுக்கு எடுக்கலாம்.